பாலைவன வீதியில் ஐந்து நாட்கள்

அவுஸ்திரேலியாவுக்கு வந்து பல வருடங்களாகியும் எம்மவர்களில் பலர் பார்த்த அவுஸ்திரேலியா எது என்று கேட்டால் வீடு, வேலைத்தலம், தமிழ்க்கடை, கோயில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகிய ஐந்தும்தான். யாராவது சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்தால் கடற்கரைக்கு ஒருதரம் கூட்டிக்கொண்டு போவோம். மிச்ச நாட்டை வரைபடத்தில்தான் கண்டிருக்கிறோம். அதற்குக் காரணம் சோம்பல் அல்ல என்பது இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். இரவு ஷிப்ற், மேலதிக நேர வேலை, ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு, இவை எல்லாவற்றுக்கும் மேலாக நாளைக்கு இந்த நாட்டில் இருப்போமா என்ற கேள்வி. நாளைக்கு இருப்போமோ என்று தெரியாத நாட்டைச் சுற்றிப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. 2012 ஆம் ஆண்டு படகில் வந்தவர்கள் நாங்கள். நான் தனியாக ஒரு படகில், பின்னர் எனக்கு மனைவியாக வந்தவர் தன் தாயாருடன் வேறொரு படகில். பதினொரு வருடங்கள் தற்காலிக விசாக்களிலேயே போயின. 2023 பெப்ரவரியில் எங்களைப் போன்ற தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரர்கள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க அரசாங்கம் வழி திறந்தது. எங்களுக்குக் கடிதம் வந்தபோது நான் செய்த முதல் வேலை தொழிற்சாலையில் ஒரு கிழமை லீவு கேட்டதுதான். 2024 ஜூலைப் பள்ளி விடுமுறையில் அடிலெயிட்டிலிருந்து கூபர் பீடிக்குக் காரில் போய் வந்தோம். நான், மனைவி, எட்டு வயது மகன், மாமி ஆகிய நால்வர். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இன்னும் விசாவுக்காகக் காத்திருப்பவர்கள் பலர் எம்மிடையே உண்டு. அவர்களுக்கும் இந்த வீதி திறந்தே இருக்கிறது.

ஏன் கூபர் பீடி என்று நண்பர்கள் கேட்டார்கள். மகனின் வகுப்பில் ஆசிரியை அந்த ஊரின் படத்தைக் காட்டியிருக்கிறார். மனிதர்கள் நிலத்துக்குக் கீழே வீடு குடைந்து வாழும் ஊர். கோயில், கடை, தங்குவிடுதி எல்லாமே மண்ணுக்குள். அன்றிலிருந்து அவனுக்கு வேறு கதையே இல்லை. மனைவிக்கும் பிரச்சினை இல்லை. மாமிதான் கதையைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"தம்பி, பங்கருக்கை படுக்கிறதுக்குக் காசு குடுக்கிறாங்களோ?" என்றார் பிறகு.

அதில் பகிடி இருக்கவில்லை. மாமியின் குடும்பம் கிளிநொச்சி. 2008 இன் கடைசியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள், தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு குழி கிண்டினார்கள். கடற்கரை மணலில் பங்கர் நிற்காது, சரிந்து விழும். அதற்காகக் கூறைச்சேலையைக்கூட வெட்டித் தைத்து மண் மூட்டை செய்தார்கள். 2009 ஏப்ரலில் ஒரு நாள் காலை தண்ணீர் எடுக்கப் பங்கரை விட்டு வெளியே போன மாமா திரும்பி வரவில்லை. அதன்பின் மாமி கதவு பூட்டிய அறையில் படுத்ததில்லை. இங்கேயும் கதவு ஒருச்சாய்த்தபடிதான், விறாந்தை லைற் எரிந்தபடிதான் அவரது படுக்கை.

ஆகவே நான் கூபர் பீடியில் இரண்டு அறை பதிவு செய்தேன். ஒன்று நிலத்துக்குக் கீழே, மற்றது அதே விடுதியின் முற்றத்தில், நிலத்துக்கு மேலே யன்னல் உள்ள சிறிய அறை. "நீங்கள் மேலை படுங்கோ மாமி, ஒருத்தரும் உங்களைக் கீழை கூப்பிடமாட்டம்" என்று சொன்ன பிறகுதான் அவர் பிளாஸ்கைக் கழுவி எடுத்து வைத்தார்.

பயணத்துக்கு ஆயத்தம் செய்தது பெரிய வேலை. அடிலெயிட்டிலிருந்து கூபர் பீடி சுமார் 850 கிலோமீற்றர். காரின் ரயர், ரேடியேற்றர், எண்ணெய் எல்லாவற்றையும் முதலே பார்ப்பித்தேன். உபரி ரயருக்கும் காற்று அடித்தேன். தண்ணீர் மட்டும் 40 லீற்றர் ஏற்றினோம். ரொட்டியும் கட்டைச்சம்பலும், எலுமிச்சம்பழச் சாதம், மிளகாய்ப் பொரியல், மிக்சர், ஒரு சிறிய காஸ் அடுப்பு. மூன்று நாளைக்குக் கடைச் சாப்பாடு தேவைப்படவில்லை.

முதல் 300 கிலோமீற்றர் கோதுமை வயல்களுக்கு நடுவே போகிறது. லொக்கீல் என்ற சிற்றூரின் அருகில் பம்பங்கா ஏரி வருகிறது. உப்பு ஏரி. தண்ணீர் நிற்கும் அளவையும் உப்பின் அளவையும் பொறுத்துச் சில நாட்களில் ரோசா நிறமாகவும் சில நாட்களில் வெள்ளையாகவும் இருக்கும். நாங்கள் போன அன்று மெல்லிய ரோசா. ஏரிக்குள் பழைய ரயர்களால் செய்த ஒரு பூதம் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதனோடு எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மனைவி உப்பைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு "ஆனையிறவு மாதிரியே மணக்குது" என்றார். மாமி காரை விட்டிறங்கி நெடுநேரம் அந்த வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போட் ஒகஸ்ராவில் வீதி பிரிகிறது. இடது பக்கம் திரும்பினால் பேர்த். வடக்கே போனால் டார்வின். வடக்கே போகும் வீதிதான் ஸ்ரூவேட் நெடுஞ்சாலை. 1861-62 இல் தெற்கிலிருந்து வடக்குக் கடல் வரைக்கும் கண்டத்தைக் கடந்துபோய்த் திரும்பிய ஜோன் மக்டவல் ஸ்ரூவேட் என்பவரின் பெயர் அது. டார்வின் வரை 2,700 கிலோமீற்றருக்கு மேல். முழு வீதிக்கும் தார் போட்டு முடிந்தது 1987 இல்தான். இன்று எந்தச் சாதாரண காரிலும் போகலாம், நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் தேவையில்லை.

போட் ஒகஸ்ரா தாண்டியதும் மரங்கள் குறைந்து குறைந்து, செம்மண்ணும் சாம்பல் நிறப் பற்றைகளும் மட்டும் மிஞ்சுகின்றன. பாலைவனம் என்றதும் நாங்கள் நினைக்கும் மணற்குன்றுகள் இங்கே இல்லை. வரண்ட கல் நிலம். வன்னியில் காடழித்த காணியைக் கோடையில் பார்த்தவர்களுக்கு ஓரளவு விளங்கும். ஆனால் அந்தக் காணி ஒரு நாள் முழுக்க முடியாமல் போய்க்கொண்டேயிருந்தால் எப்படியிருக்குமோ அதுதான் இது. எதிரே மூன்று பெட்டி, நான்கு பெட்டி கொழுவிய லொறிகள் வரும். ரோட் ரெயின் என்று பெயர். 53 மீற்றர் நீளமானவையும் உண்டு. அவை கடக்கும்போது கார் ஒருமுறை ஆடும். ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முந்துவதென்றால் எதிரே ஒரு கிலோமீற்றராவது வெறுமையாய் இருக்க வேண்டும்.

அந்த வீதியில் ஒரு பழக்கம் உண்டு. எதிரே வரும் சாரதி ஸ்ரியறிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். அதுதான் வணக்கம். முதலில் எனக்கல்ல என்று நினைத்தேன். பிறகு நானும் தூக்கினேன். கூபர் பீடி சேர்வதற்குள் நூறு பேராவது எனக்கு வணக்கம் சொல்லியிருப்பார்கள். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஆறு வருடமாகச் சொல்லாத வணக்கம் அது.

இன்னோரிடத்தில் வீதியின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் தடிப்பாகப் போட்டிருந்தது. ஏதோ பாதசாரிக் கடவை என்று மகன் சிரித்தான். அறிவித்தல் பலகையை வாசித்தபோதுதான் அது விமான ஓடுபாதை என்று விளங்கியது. பறக்கும் வைத்தியர் சேவையின் விமானம் அவசரத்துக்கு வீதியிலேயே இறங்கும். 1928 இல் தொடங்கிய சேவை. ஆஸ்பத்திரி 300 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் நாட்டில் வைத்தியர் ஆகாயத்தால் வருகிறார். மாமி அந்தக் கோடுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆகாயத்திலிருந்து நல்லது எதுவும் வந்து அவர் கண்டதில்லை.

பிம்பா என்ற இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு ஆறேழு கிலோமீற்றர் திரும்பினால் வூமரா. 1947 இல் பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் ஏவுகணை சோதிக்கக் கட்டிய ஊர். ஆதிவாசிகள் ஈட்டியை எறியப் பாவிக்கும் கருவியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். பழைய ரொக்கட்டுகளையும் ஏவுகணைகளையும் ஒரு வெளியில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். 1967 நவம்பரில் அவுஸ்திரேலியாவின் முதலாவது செய்மதி இங்கிருந்துதான் போனது. 2020 டிசம்பரில் ஒரு விண்கல்லின் மண்ணைக் கொண்டுவந்த யப்பானியப் பேழை இறங்கியதும் இந்தப் பாலைவனத்தில்தான். மகனுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் வூமரா என்ற பெயர் எமக்கு வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்க வேண்டும். 1999 நவம்பர் முதல் 2003 ஏப்ரல் வரை இங்கே அகதிகள் தடுப்பு முகாம் ஒன்று இருந்தது. 400 பேருக்கென்று தொடங்கிய முகாமில் ஒரு கட்டத்தில் 1,400 பேருக்கு மேல் இருந்தார்கள். பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈராக், ஈரான் மக்கள், பிள்ளைகளும் உட்பட. உண்ணாவிரதம் இருந்தார்கள். 2002 உயிர்த்த ஞாயிறு வார இறுதியில் வெளியிலிருந்து வந்த அவுஸ்திரேலியர்கள் வேலியருகே நின்று போராட, உள்ளேயிருந்த சுமார் ஐம்பது பேர் கம்பி தாண்டி வெளியே ஓடினார்கள். ஓடி எங்கே போவது? அந்த வெளியை நேரில் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் எனக்கு விளங்கியது. முகாம் இருந்த இடம் பாதுகாப்புத் துறையின் காணி, நாங்கள் அங்கே போகவில்லை. எங்களுக்கு முதல் இந்த நாட்டின் வாசலில் நின்றவர்கள் அவர்கள். ஒரு நிமிடம் காரை நிறுத்தி அவர்களை நினைத்துக்கொண்டோம்.

அன்றிரவு வீதியோர ரோட்ஹவுஸ் ஒன்றில் தங்கினோம். ரோட்ஹவுஸ் என்றால் பெற்றோல் நிலையம், சாப்பாட்டுக் கடை, மதுச்சாலை, விடுதி நான்கும் ஒன்றாக உள்ள இடம். எங்களுக்குத் தந்த அறையை இங்கே "டொங்கா" என்கிறார்கள். லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கக்கூடிய தகரப் பெட்டி வீடு. ஒரு கட்டில், ஒரு சிறிய யன்னல், சுவரில் ஒரு ஏசி. சுரங்க வேலைக்காரருக்கென்று செய்தது. கதவைத் திறந்தவுடன் எனக்கு மணமே சொல்லிவிட்டது. 2012 இல் நான் ஏழு மாதம் இருந்த முகாமிலும் இதே பெட்டிதான், இதே பிளாஸ்ரிக் தரைதான், இதே யன்னல்தான்.

நான் உள்ளே போகாமல் சிறிது நேரம் படியில் இருந்தேன். மனைவி கேட்டார், "என்ன, அறை பிடிக்கேல்லையோ?" "இல்லை, தெரிஞ்ச அறை" என்றேன். அவரும் அப்படி ஒன்றில் இருந்தவர்தான். விளங்கிவிட்டது. பிறகு நான் எழும்பி ஒரு காரியம் செய்தேன். கதவை உள்ளேயிருந்து பூட்டினேன், திறந்தேன், மறுபடி பூட்டினேன். திறப்பு என் கையில் இருந்தது. முகாமில் ஆள் எண்ண இரவில் வந்து ரோர்ச் அடிப்பார்கள். இங்கே இரவு முழுவதும் ஒருவரும் வரவில்லை. விடிய ஐந்து மணிக்கு வெளியே வந்து பார்த்தபோது ஆகாயம் நிறைய வெள்ளி. மின்சாரம் வராத காலத்தில் வடமராட்சியில் கண்ட வெள்ளிகளிலும் பார்க்கக் கூட.

மறுநாள் க்ளெண்டம்போவில் பெற்றோல் நிரப்பினோம். அங்கே ஊரின் சனத்தொகைப் பலகையில் ஆட்டின் தொகை, இலையானின் தொகை, கடைசியில் மனிதரின் தொகை என்று பகிடியாக எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீற்றர் பெற்றோல் இல்லை, கடை இல்லை, வீடு இல்லை.

கூபர் பீடிக்கு முன்னால் பாதை இரு மருங்கிலும் வெள்ளை மண் கும்பங்கள் தொடங்குகின்றன. பெரிய எறும்புப் புற்றுக்கள் போல ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு கும்பத்துக்கும் பக்கத்தில் ஒரு ஆழமான குழி. ஓப்பல் என்ற இரத்தினக்கல்லைத் தேடிக் கிண்டியவை. 1915 பெப்ரவரி 1 ஆம் திகதி, பொன் தேடி வந்த ஒரு குழுவில் இருந்த வில்லி ஹச்சிசன் என்ற 14 வயதுப் பையன்தான் இங்கே முதலில் ஓப்பலைக் கண்டெடுத்தவன். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இராணுவத்தினர் பிறகு வந்து சேர்ந்தார்கள். போர்முனையில் அகழி வெட்டிப் பழகியவர்கள், இங்கேயும் குன்றைக் குடைந்து இருந்தார்கள். கோடையில் 45 பாகைக்கு மேல் வெயில் ஏறும் ஊர். மரம் இல்லாதபடியால் பலகை இல்லை. நிலத்துக்குக் கீழே வருடம் முழுவதும் 23 முதல் 25 பாகை வரைதான். ஆதிவாசிகளின் மொழியில் "கூபா பிட்டி" என்றால் வெள்ளைக்காரனின் குழி என்பார்கள். அதுவே ஊரின் பெயரானது. அந்த நிலத்தின் பாரம்பரிய உரிமை ஆதிவாசி மக்களுடையது என்று 2011 இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காணி உரித்து என்றால் என்ன என்று எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

விடுதியின் நிலக்கீழ் அறை நான் நினைத்தது போல் இருக்கவில்லை. ஏணியால் கீழே இறங்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். இல்லை. குன்றின் பக்கத்தில் சாதாரண வீட்டு வாசல் போல் ஒரு கதவு. நேராக நடந்து உள்ளே போகலாம். சுவரும் கூரையும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த மணற்கல். இயந்திரம் சுரண்டிய வளையங்கள் சுவரில் அப்படியே தெரிகின்றன. தூசு கொட்டாதிருக்க மேலே ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். யன்னல் இல்லை, ஆனால் கூரையிலிருந்து நிலத்துக்கு மேலே ஒரு குழாய் போகிறது, காற்று அதனால் வருகிறது. லைற்றை அணைத்தால் கையை முகத்துக்கு முன் பிடித்தாலும் தெரியாது. சத்தமும் இல்லை. பக்கத்து அறையில் ஆள் இருப்பதே தெரியாது.

மாமி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னொரு வாசல் இருக்கோ?" என்று கேட்டார். ஓம், நடையின் மறு அந்தத்தில் இன்னொன்று இருக்கிறது என்று காட்டினேன். தலையாட்டிவிட்டு மேலே தன் அறைக்குப் போய்விட்டார். அன்றிரவு வெளியே ஐந்தாறு பாகைக் குளிர், காற்றுக்குத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. மாமி நித்திரை கொள்ளவில்லை.

அடுத்த நாள் ஊர் பார்த்தோம். மாமியை முதலில் அசைத்தது ஒரு பெண்ணின் வீடு. ஃபேய் நெய்லர் என்பவர், 1960களில், இரண்டு சிநேகிதிகளுடன் சேர்ந்து பிக்கானும் சவளும் கொண்டு கையாலேயே ஒரு குன்றைக் குடைந்து வீடாக்கியிருக்கிறார். மூன்று படுக்கை அறை, குசினி, இருக்கும் அறை. நீந்தும் குளம்கூட இருக்கிறது. முடிக்கப் பத்து வருடமளவில் சென்றதாம். மாமி ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தடவினார். பிக்கான் கொத்திய அடையாளத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "இவ்வளவு மண்ணையும் எங்கை கொண்டுபோய்க் கொட்டினவை எண்டு கேள்" என்றார். மண் கிண்டிய ஒருத்திக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

சேர்பிய மக்களின் தேவாலயமும் குன்றுக்குள்தான். 1993 இல் அந்தச் சமூகத்தினர் தாமே முன்னின்று குடைந்தது. கூரை உயரமாக வளைந்து நிற்கிறது, புனிதர்களின் உருவங்களைச் சுவரிலேயே செதுக்கியிருக்கிறார்கள். மாமி செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் வீடிழந்தவர்கள், கிரேக்கர், சேர்பியர், குரோவேசியர், இத்தாலியர் எனப் பலரும் இங்கே வந்து குழி கிண்டினார்கள். ஆங்கிலம் தேவையில்லை, படிப்புச் சான்றிதழ் தேவையில்லை. 50 மீற்றருக்கு 50 மீற்றர் நிலத்துக்கு அனுமதி எடுத்தால் போதும், கிடைப்பது தனக்கு. லத்வியாவிலிருந்து வந்து முதலை வேட்டையாடிப் பின் இங்கே குடைவீட்டில் வாழ்ந்து 2006 இல் இறந்த "முதலை ஹரி" என்பவரின் வீடும் பார்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் சுவர் முழுவதும் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்கு ஊரில் சுமார் 1,500 பேர்தான். ஆனால் நாற்பதுக்கு மேற்பட்ட இனத்தவர். இந்த நாட்டின் நடுவே அகதிகள் தங்கள் கையால் கட்டிய ஊர் ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

அந்த ஊரில் தண்ணீரும் இலேசில் கிடைப்பதில்லை. வருடத்துக்கு 150 மில்லிமீற்றர் அளவுதான் மழை. இருபது கிலோமீற்றருக்கு அப்பால் நிலத்தடியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்து, உப்பை நீக்கி, குழாயில் தருகிறார்கள். வழிப்போக்கர்கள் சில்லறை போட்டுத் தண்ணீர் எடுக்க ஒரு இயந்திரம் இருந்தது. மகன் காசைப் போட, மாமி பாத்திரம் பிடித்தார். தண்ணீர் நிறைந்த பிறகும் சிறிது நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். நாங்கள் ஒருவரும் பேசவில்லை.

பின்னேரம் ஊருக்குள் அனுமதிக்கப்பட்ட ஒரு மண் கும்பத்தில் மகன் கல் பொறுக்கினான். சுரங்கக்காரர் கழித்த மண்ணில் தேடுவதை "நூட்லிங்" என்பார்கள். ஓப்பல் என்பது மணலில் உள்ள அதே சிலிக்காவும் சிறிது நீரும்தான். கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக ஒழுங்காக அடுக்குப்பட்டிருந்தால் வெளிச்சம் பட்டு நிறம் காட்டும், ஒழுங்கில்லாவிட்டால் வெறும் கல். மகனுக்குக் கிடைத்தது நிறமில்லாத சாம்பல் கல். அதையும் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

அன்றிரவு சாப்பிட்ட பிறகு மாமி தன் தலையணையை எடுத்துக்கொண்டு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். "நான் இஞ்சை படுக்கிறன். கதவைப் பூட்ட வேண்டாம்" என்றார். கதவருகில் அவருக்குப் படுக்கை போட்டோம். நடை லைற் எரிய விட்டோம். மகன் கேட்டான், "அம்மம்மா, நீங்கள் முந்தியும் இப்பிடி வீட்டிலை இருந்தனீங்களாம். அம்மா சொன்னவ. அதுவும் வடிவோ?"

மனைவி என்னைப் பார்த்தார். அந்தக் கதையை அவனுக்கு நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, பங்கர் என்ற சொல்லோடு நிறுத்திவிடுவோம். மாமிதான் தொடங்கினார். எவ்வளவு ஆழம், எத்தனை பேர், சேலை எப்படித் தைத்தது, மழை வந்தால் என்ன செய்வது, எல்லாம் சொன்னார். மாமா தண்ணீர் எடுக்கப் போனதையும் சொன்னார். அழவில்லை. மகன் இடையிடையே கேள்வி கேட்டான், அவர் பதில் சொன்னார். மனைவிக்கே தெரியாத இரண்டு விடயம் அன்றுதான் வெளியே வந்தது. கடைசியில் அவன், "அப்ப உங்களுக்கு இஞ்சை பயமில்லையோ?" என்று கேட்டான்.

மாமி சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது சாகாமல் இருக்கிறதுக்குக் கிண்டினது, ராசா. இது சீவிக்கிறதுக்குக் கிண்டினது. இரண்டும் மண்தான்."

பிறகு படுத்தார். மனைவி இரவு இரண்டு மூன்று முறை எழும்பிப் பார்த்தார். மாமி எட்டு மணிவரை நித்திரை. அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கதவு ஒருச்சாய்த்தபடிதான், லைற் எரிந்தபடிதான். ஆனால் பேரனுக்கு மாமா இப்போது படத்தில் உள்ள ஒருவர் மட்டுமல்ல. அவனாகவே மாமாவைப் பற்றிக் கேட்கிறான், மாமியும் சொல்கிறார்.

நாலாம் நாள் காலை ஊருக்கு வடக்கே சுமார் 30 கிலோமீற்றரில் உள்ள கன்கு பிரேக்கவேஸ் குன்றுகளைப் பார்த்தோம். மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக, ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்த நிலம். அருகே நாய் வேலி போகிறது. காட்டு நாய்கள் ஆட்டுப் பட்டிகளுக்கு வராதபடி 5,600 கிலோமீற்றர் நீளத்துக்குக் கட்டிய வேலி. அன்றிரவு போட் ஒகஸ்ராவில் தங்கி, ஐந்தாம் நாள் மாலை வீடு வந்து சேர்ந்தோம். திங்கட்கிழமை நான் ஷிப்ற்றுக்குப் போனேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மே முதல் செப்ரெம்பர் வரை போவது நல்லது, கோடையில் பிள்ளைகளுடன் போக வேண்டாம். பொழுதுபட்ட பின் ஓட வேண்டாம், கங்காருவும் ஈமுவும் வீதிக்கு வரும். ஒவ்வொரு பெற்றோல் நிலையத்திலும் நிரப்புங்கள், அடுத்தது திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் தண்ணீராவது வேண்டும். நகரங்களுக்கு வெளியே கைத்தொலைபேசி பெரும்பாலும் வேலை செய்யாது. எங்கே போகிறீர்கள், எப்போது சேருவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கார் பழுதானால் காரை விட்டு நடக்கவே கூடாது, வாகனம் வரும்வரை நிழலில் காத்திருங்கள். கூபர் பீடியில் மண் கும்பங்களுக்கு நடுவே பிள்ளைகளை ஓட விடாதீர்கள். படம் எடுக்கும்போது பின்னுக்கு நடக்க வேண்டாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். குழிகள் மூடப்படாதவை. வூமராவைச் சுற்றியுள்ள தடைசெய்யப்பட்ட பிரதேசத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்காதீர்கள்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் நிலத்துக்கு மேலேயும் ஓர் அறை எடுங்கள். எங்கே படுப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். ரொட்டியும் சம்பலும் மூன்று நாள் தாங்கும். எதிரே வருபவர் விரலைத் தூக்கினால் நீங்களும் தூக்குங்கள்.